ரன்ஃப்ளாட்டா, சாதா டயரா? பெங்களூரு ரோட்டுக்கும் பர்ஸுக்கும் ஒரு கணக்கு

செகண்ட் ஹேண்டில் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், இசட்4, மினி கூப்பர் எஸ் என்று வாங்குபவர்கள் இன்ஜினை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றின பில்லைக் கேட்பார்கள். டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படிப்பவர்கள் குறைவு. பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷெலினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப், ஹான்கூக்கில் எச்ஆர்எஸ், மெர்சிடிஸுக்கென்று வரும் டயர்களில் எம்ஓஇ. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ரன்ஃப்ளாட். அந்தக் காரின் டிக்கியில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. அடுத்த செட்டுக்குக் கடைக்காரர் சொல்லும் விலை, அதே அளவு சாதா டயரைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை போகும். திரும்பவும் அதையே போடுவதா, சாதா டயருக்கு மாறுவதா என்ற யோசனை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரன்ஃப்ளாட் என்றால் பஞ்சரே ஆகாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆணி ஏறினால் அதிலும் காற்று போகத்தான் செய்யும். டயரின் பக்கச் சுவரான சைடுவாலுக்குள் கெட்டியான ரப்பர் கூடுதலாக வைத்திருப்பதால், காற்று இல்லாமலும் அது காரின் எடையைத் தாங்கி நிற்கும். ரிம் ரோட்டில் உட்காராது, ஸ்டியரிங் கையில் நிற்கும். பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் அளவு: மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. தூரம். அந்தத் தூரத்தில் சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது, சூடேறுகிறது, அந்தச் சூட்டில் உள்ளிருந்தே அழிகிறது. நாலு பேர், டிக்கி நிறைய பெட்டி, கிருஷ்ணகிரி பக்கம் மே மாத வெயில் என்றால் முழு 80-ஐ நம்ப வேண்டாம்.

இந்த 80 கி.மீ. உங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? முடிவு செய்ய வேண்டியது இதை வைத்துத்தான். பெங்களூரிலிருந்து சேலம் சுமார் 200 கி.மீ. தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின் டயரில் காற்று போகிறது என்று வையுங்கள். ரன்ஃப்ளாட் உங்களைப் பத்திரமாகச் சேலத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் காற்றில்லாமல் அத்தனை தூரம் உருண்ட டயரில் பேட்ச் வைக்கக் கூடாது. உள்ளே என்ன நொறுங்கியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. புது டயர்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 255/35 ஆர்18 அளவு ரன்ஃப்ளாட் ஒன்று அங்கே கடையில் தொங்கிக்கொண்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டும், கார் அங்கேயே நிற்க வேண்டும். அதே ஆணி சாதா டயரில் ஏறி, அதைக் காற்று முழுக்க இறங்கும் முன்பே கவனித்து நிறுத்தியிருந்தால், டயர் சேதமாகாது. ஓட்டையில் ஒரு ரப்பர் ஸ்ட்ரிப் வைத்து, காற்றடித்து, ஊருக்குத் திரும்பி மெதுவாக உள்பக்க பேட்ச் போட்டுக்கொள்ளலாம். ரன்ஃப்ளாட் உங்களைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தக் கடையில் டயர் இருக்கும் என்று அது உத்தரவாதம் தராது.

ஆகவே ரன்ஃப்ளாட்டோடுதான் இருக்கப்போகிறேன் என்பவரும் சிகரெட் லைட்டரில் மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆணி பெரும்பாலும் குத்தின இடத்திலேயே சிக்கி நிற்கும். காற்று மெதுவாகத்தான் போகும். எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் ஓரம்கட்டி, ஆணியைப் பிடுங்காமல், காற்றடித்துக்கொண்டே போனால் டயர் ஒருபோதும் தட்டையாக உருளாது. 20,000 ரூபாய்க்கு மேல் போகும் டயரைச் சில ஆயிரம் ரூபாய் கருவி காப்பாற்றும். ரன்ஃப்ளாட் தருகிற தைரியத்திலேயே ஓட்டிக்கொண்டு போய்த்தான் பலர் டயரைப் பாழாக்குகிறார்கள்.

ரன்ஃப்ளாட் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடங்களும் இந்த ஊரில் உண்டு. சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் மேம்பாலச் சாலை கிட்டத்தட்ட 10 கி.மீ. நடுவில் நிறுத்த ஒழுங்கான ஓரம் கிடையாது, பின்னால் ஐ.டி. கம்பெனி பஸ்கள் வரும். மழை பெய்யும் ராத்திரி பத்து மணிக்கு அங்கே ஜாக்கி வைத்து வீல் மாற்றுவது உயிரோடு விளையாடுவது. ஹெப்பால் தாண்டி ஏர்போர்ட் போகும் மேல்தளமும் அப்படித்தான். தனியாக ராத்திரியில் ஓட்டுபவர்களுக்கும், வீல் மாற்றும் அளவுக்கு முதுகோ முட்டியோ ஒத்துழைக்காதவர்களுக்கும் இந்த ஒரு காரணமே போதும். வேகத்தில் போகும்போது டயர் திடீரென்று கிழிந்தால் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகாது என்பதும் சின்ன விஷயமில்லை. மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் அடிக்கடி ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் ஊருக்குள் உண்மையான எதிரி ஆணி அல்ல, பள்ளம். அவுட்டர் ரிங் ரோட்டில் ஆணி கிடப்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்தாயிற்று. அதெல்லாம் ரோட்டைத் தொடும் பகுதியான டிரெட்டில் ஏறும், பேட்ச் போட்டால் சரியாகும். மழைத் தண்ணீர் நிரம்பிய பள்ளத்தின் விளிம்பில் 50-ல் இறங்கினால் கதை வேறு. ரிம்முக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் நடுவில் சைடுவால் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்து, அந்த இடத்தில் முட்டை அளவு வீக்கம் கிளம்பும். வீங்கின டயருக்கு ரிப்பேர் கிடையாது, அது ரன்ஃப்ளாட்டானாலும் சாதாவானாலும். ரன்ஃப்ளாட்டின் விறைப்பான சைடுவால் அடியை அதிகம் உள்வாங்காமல் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் கடத்துகிறது. அலாய் வளைவதும் விரிசல் விடுவதும் அதனால்தான். இன்னொரு தொல்லை, வீக்கம் பல நேரம் டயரின் உள்பக்கத்தில், காருக்கு அடியில் பார்க்கும் முகத்தில் வரும். நின்று பார்த்தால் தெரியாது. சர்வீஸுக்குக் காரை லிஃப்ட்டில் ஏற்றும்போது நாலு டயரின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே அளவு முக்கியம். 225/45 ஆர்17-ல் (அகலம் 225 மி.மீ., சைடுவால் அதில் 45 சதவீதம், ரிம் 17 இஞ்ச்) சைடுவால் உயரம் 101 மி.மீ. 255/35 ஆர்18-ல் 89 மி.மீ. இந்த 12 மி.மீ. வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை, வயிட்ஃபீல்டு சர்வீஸ் ரோட்டில் நிறைய.

பணத்துக்கு வருவோம். கடைக்குக் கடை, அளவுக்கு அளவு மாறும் என்பதால் கீழே உள்ளது வெறும் கணக்குக்காக: ஒரு சாதா டயர் 14,000, அதே அளவு ரன்ஃப்ளாட் 22,000 என்று வையுங்கள். நாலுக்கு 56,000, 88,000. வித்தியாசம் 32,000. இந்த செட் தேய்வதற்குள் ஒரே ஒரு பள்ளத்தில் ஒரு டயர் வீங்கி, அதன் ஜோடியும் பாதி தேய்ந்திருப்பதால் இரண்டையும் மாற்ற வேண்டி வந்தால் சாதாவில் 28,000, ரன்ஃப்ளாட்டில் 44,000. மொத்தம் 84,000-க்கு எதிராக 1,32,000. கம்ப்ரஸர், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம், தற்காலிகத்துக்கான ஒல்லியான ஸ்டெப்னி எல்லாம் வாங்கினாலும் சாதா பக்கம் பணம் மிஞ்சும். உங்களுக்குச் சொல்லப்படும் நிஜ விலையை இதே சட்டத்தில் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது; அதற்கு முந்தைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏற்க வேண்டாம். இன்ஷூரன்ஸை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. விபத்தில் காரும் சேதமானால்தான், அதுவும் டயர் விலையில் பாதிதான். டயருக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

செலவைக் குறைக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

பழைய ரன்ஃப்ளாட் வாங்குவது இருப்பதிலேயே மோசம். பட்டன் (டிரெட்) 6 மி.மீ. இருக்கிறது, பாதி விலை என்பார்கள். முந்தைய ஓனர் அதைக் காற்றில்லாமல் ஓட்டினாரா என்பது வெளியே தெரியாது. சாதா டயரைக் காற்றில்லாமல் ஓட்டினால் அது கிழிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்; ரன்ஃப்ளாட் அழகாகவே நிற்கும். பார்த்தே தீர வேண்டும் என்றால் ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். சைடுவாலின் உள்சுவரில் சுற்றிலும் வளையமாக ஒரு மடிப்புக் கோடு, நிறம் மாறிய பட்டை, கையை விட்டால் டீத்தூள் மாதிரி கருப்பு ரப்பர் பொடி. இதில் ஒன்று இருந்தாலும் அது முடிந்துபோன டயர். புதுக் காரிலிருந்து ஷோரூமை விட்டு வந்ததும் கழற்றி விற்கும் டயர் மட்டும் விதிவிலக்கு.

இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதா என்று கலப்பது அடுத்தது. ஒரே ஆக்ஸிலில் கலக்கவே கூடாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்பதும் சரிவராது. சைடுவால் விறைப்பு வேறுபடுவதால் வளைவில் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு நேரத்தில் திரும்பும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கின நோக்கமே கெட்டுவிடும். கையில் பணம் இல்லையென்றால் ரன்ஃப்ளாட்டையே ஆக்ஸிலுக்கு இரண்டாக, தவணையில் மாற்றுங்கள். புதுசு இரண்டையும் பின்னால் போட வேண்டும். ஆனால் பின்பக்கம் அகலம் அதிகமுள்ள கார்களில் அந்த வசதியும் இல்லை. எந்த ஆக்ஸிலில் தேய்ந்ததோ அங்கேதான் போட முடியும். எக்ஸ்டிரைவ் போல நாலு வீலும் இழுக்கும் கார்களில் முன்பின் தேய்மான வித்தியாசம் இன்ஜின் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாதிக்கும். அங்கே நாலையும் சேர்த்து மாற்றுவதே மலிவு.

தானே அடைத்துக்கொள்ளும் டயர் ஒரு நல்ல நடுவழி. கான்டினென்டலின் கான்டிசீல், பிரெல்லியின் சீல் இன்சைடு போன்றவற்றில் டிரெட்டின் உள்பக்கம் பசை போன்ற ஒரு அடுக்கு இருக்கும். ஆணி பிடுங்கின ஓட்டையை அதுவே மூடும். கான்டிசீல் 5 மி.மீ. வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. சைடுவால் சாதாதான் என்பதால் ஓட்டம் மென்மையாக இருக்கும். பள்ளத்துக்கு இதில் பாதுகாப்பு இல்லை, எல்லா அளவிலும் கிடைப்பதும் இல்லை. பேட்ச் வைக்கும்போது அந்தப் பசையைச் சுத்தமாக எடுக்கத் தெரிந்த கடையாக இருக்க வேண்டும்.

பட்ஜெட்காரருக்கு ரொம்பவும் பிடிக்க வேண்டியது ரிம் அளவைக் குறைப்பது. ஏனோ இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 3 சீரிஸின் எஃப்30, ஜி20 தலைமுறைகள் இரண்டிலும் 18 இஞ்சில் முன்னால் 225/45, பின்னால் 255/40 வரும் கார்கள் உண்டு. டயரின் மொத்த விட்டம் சுமார் 660 மி.மீ. அதே 3 சீரிஸில் கம்பெனியே போடும் 17 இஞ்ச் அளவு 225/50, விட்டம் 657. ஸ்பீடோமீட்டரில் ஒன்றும் மாறாது. சைடுவால் 101-லிருந்து 112 மி.மீ. ஆகிறது, நாலும் ஒரே அளவாகிறது, முன்பின் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்கலாம், ஒரே ஸ்டெப்னி நாலு மூலைக்கும் பொருந்தும். பழைய 17 இஞ்ச் ஒரிஜினல் ரிம் செட் தேடி வாங்கும்போது போல்ட் வட்டம் எஃப்30-க்கு 5x120 (ஐந்து போல்ட், 120 மி.மீ. வட்டம்), ஜி20-க்கு 5x112 என்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்று மற்றதில் ஏறாது. பெரிய பிரேக் உள்ள எம்340ஐ போன்ற கார்களில் 17 இஞ்ச் ரிம் காலிப்பரில் இடிக்கும், அங்கே இந்த வழி மூடியது. தோற்றம் கொஞ்சம் அடக்கமாகும். அது சிலருக்குப் பெரிய துக்கம்.

எங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுவதே நியாயம். 17 இஞ்ச் கார், பெரும்பாலும் ஊருக்குள், எப்போதாவது ஓசூர் வழியாகச் சேலமோ கோவையோ என்றால் சாதா டயர், கம்ப்ரஸர், சீலன்ட், முடிந்தால் ஒல்லி ஸ்டெப்னி. இசட்4 மாதிரி முன்பின் அளவு வேறு, டிக்கியில் இடமில்லை, ராத்திரிப் பயணம் அதிகம் என்றால் ரன்ஃப்ளாட்டையே வையுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல. கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் டயர் வகையை மாற்றும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாதா டயருக்கு மாறுவது என்று முடிவானால், டயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட முடியாது. 2020-ல் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, 3.5 டன் வரையுள்ள வாகனத்தில் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பும் ரிப்பேர் கிட்டும் இருந்தால்தான் ஸ்டெப்னி இல்லாமல் போகலாம். சட்டத்தை விடுங்கள், கிட் இல்லாமல் சாதா டயரில் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டுவது முட்டாள்தனம். சீலன்ட் பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். அது டிரெட்டில் விழும் சின்ன ஓட்டைக்கு மட்டும்தான். சைடுவால் கிழிசலுக்கு உதவாது. சீலன்ட் ஊற்றின டயரைக் கழற்றும் முன் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், உள்ளே இருக்கும் காற்றழுத்த சென்சாரைத் துடைக்க வேண்டியிருக்கும்.

ஒல்லி ஸ்டெப்னி வாங்கினால் மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும்: போல்ட் வட்டம், பிரேக் காலிப்பருக்கு இடம், மொத்த விட்டம். 225/45 ஆர்17-க்கு 634 மி.மீ., அதற்கு டி125/80 ஆர்17 ஸ்டெப்னி 632 மி.மீ.; கச்சிதம். காற்று 60 பி.எஸ்.ஐ., வேகம் 80-க்குள். பின்வீல் இழுக்கும் காரில் பின்னால் பஞ்சரானால் முன்வீலைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுவது நல்லது. முன்பின் அளவு ஒன்றாக இருந்தால் மட்டுமே இது முடியும்.

டயர் எடுக்கும்போது லோடு இண்டெக்ஸும் ஸ்பீடு எழுத்தும் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்குக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ, 95 என்றால் 690 கிலோ. டபிள்யூ 270 கி.மீ. வேகம், ஒய் 300. நீங்கள் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனால் அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் காட்டுகிறது. சாதாவில் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று போட்ட டயராக எடுத்தால் சைடுவால் சற்றுத் திடமாக இருக்கும். ரன்ஃப்ளாட்டிலிருந்து மாறும்போது ஸ்டியரிங்கில் தோன்றும் தொளதொளப்பு குறையும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். சைடுவாலில் ஓவல் கட்டத்துக்குள் உள்ள கடைசி நாலு எண் தயாரித்த தேதி, உதாரணமாக 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு, அரிதான அளவுகள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் இருந்தால் சரி, இரண்டு தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், மூன்று தாண்டினால் வேண்டாம். அந்த நாலு எண் பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். மாட்டின பிறகு அது உள்பக்கம் போய்விடும் என்பதால் மாட்டும் முன்பே நாலிலும் படியுங்கள்.

ஜே.சி. ரோடு, லால்பாக் ரோடு பக்கம் விலை பேச நல்ல இடம். மாட்டுவதற்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: மெஷினில் டயரை அழுத்திப் பிடிக்கும் உதவிக் கை இருக்கிறதா? ரன்ஃப்ளாட்டின் விறைப்பான சைடுவாலைக் கடப்பாரை மாதிரி லீவர் போட்டு நெம்பினால் ரிம்மில் உட்காரும் விளிம்பான பீட் கிழியும்; பிறகு மாதக்கணக்கில் காற்று மெதுவாக இறங்கும், காரணம் தெரியாது. வால்வில் சென்சார் உள்ள ரிம்மானால் பீட் உடைக்கும் தகடு வால்வுக்கு எதிர்ப்பக்கம்தான் இறங்க வேண்டும். சென்சாரின் பேட்டரி எட்டு பத்து வருஷம் ஆகியிருந்தால் டயர் கழற்றியிருக்கும்போதே சென்சாரை மாற்றுங்கள், இரண்டாவது கூலி மிச்சம். பழைய 3 சீரிஸ் சிலவற்றில் வீலுக்குள் சென்சாரே கிடையாது, ஏ.பி.எஸ். மூலம் வீல் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டே எச்சரிக்கும். அந்த முறையில் நாலு டயரும் ஒரே மாதிரி காற்று இறங்கினால் விளக்கு எரியாது, ஆகவே மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பது உங்கள் வேலை.

எந்த முறையானாலும் டயர் மாற்றின பிறகு, காற்றை ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வைத்து, மெனுவில் ரீசெட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். வீல் போல்ட்டை நியூமேட்டிக் கன்னால் கத்தவிட்டு முடிக்கக் கூடாது: எஃப்30, ஜி20, புது மினிக்கு 140 நியூட்டன் மீட்டர், இ89 தலைமுறை இசட்4-க்கு 120, முறுக்கை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து. 100 கி.மீ. ஓடின பிறகு இன்னொரு முறை பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த போல்ட்டுக்கு ஏற்ற சாவி டிக்கியில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டெப்னி இல்லாமல் வந்த காரில் ஜாக்கியும் சாவியும்கூட இல்லாமல் போகலாம்; லாக் போல்ட் இருந்தால் அதன் அடாப்டர் முந்தைய ஓனர் வீட்டில் இருக்கலாம்.